மூக்கிலிருந்து ஒரு சாண்

காற்றை அளப்பது என்றால் அறையின் நடுவில் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பதுதான் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலம் முழுவதும் நான் மறுத்துவந்த எண்ணங்களுள் இதுவும் ஒன்று. அறைக்கென்று ஒரு காற்று உண்டு. அங்கே நின்று வேலை செய்பவருக்கென்று வேறொரு காற்று உண்டு. மனிதர் தம் மூக்கிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருப்பதைத்தான் உள்ளே இழுக்கிறார். அடுப்படியில் மிளகாய் வறுப்பவள் இருமி இருமிக் கண்ணைத் துடைக்கும்போது, அதே வீட்டின் முன்னறையில் இருப்பவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். வீட்டின் காற்றை அளந்து சராசரி சொன்னால் அது இருவருக்கும் பொருந்தாது.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆய்வுத் திட்டத்தின் வழியாக எங்கள் துறைக்கு இரண்டு சிறு காற்றுறிஞ்சிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் பாதிச் செங்கல் அளவு இருக்கும். தொழிலாளியின் இடுப்பு வாரில் அதை மாட்டிவிட்டால், அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் முதுகின்மேல் ஏறித் தோளைத் தாண்டி வந்து, சட்டைக் காலரில் குத்திய ஒரு கண்ணாடிக் குழலில் முடியும். குழலுக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி அடைத்திருக்கும். நாள் முழுவதும் அவர் மூக்கருகே உள்ள காற்று அந்தக் கரி வழியாகச் செல்லும். காற்றில் உள்ள நச்சு ஆவி கரியில் தங்கிவிடும். பிறகு குழலை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், எவ்வளவு தங்கியது என்று எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்தில் எரித்துத் தள்ளும் சிரட்டை, இப்படிக் கண்ணாடிக்குள் அடைபட்டுக் கப்பலில் வந்து இறங்கியதில் எனக்கு ஒரு வேடிக்கை இருந்தது. மாணவர்களிடம் அதைச் சொன்னதில்லை. வகுப்பில் வேடிக்கை பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

அந்தக் கருவிகள் வந்த செய்தி எப்படியோ வெளியே பரவியிருந்தது. ஒருநாள் மாலை ஒரு போதகர் என்னைத் தேடித் துறைக்கு வந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அவருடைய சபைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் நாற்காலியைக் காட்டி அமரச் சொன்னேன். அவர் விளிம்பில் உட்கார்ந்தார்.

“சங்கடமான ஒரு காரியம் சார்,” என்று தொடங்கினார். “எங்க சபையில ஒருத்தர், பாட்டுக் குழுவுல பாடுதவர். மெயின் ரோட்டுல ஒரு டயர் பட்டறையில அவருக்கு வேலை. கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா தள்ளாடிக்கிட்டே வாராரு. போன வாரம் சைக்கிளோட வாய்க்காலுக்குள்ள போயிட்டாரு. குடிக்காருன்னு சொல்லுதாவ. கமிட்டியில புகாரும் எழுதிக் குடுத்துட்டாவ.”

“அவர் என்ன சொல்கிறார்?”

“வேதப் புஸ்தகத்துல கைய வச்சு இல்லைங்காரு. ஆனா கிட்டப் போனா ஒரு வாடை வரத்தான் செய்யுது. எனக்கே வந்துது சார். பட்டறையில ஏதோ மருந்து போட்டு ஒட்டுதாவளாமே, அந்த வாடையா இருக்குமோன்னு ஒரு எண்ணம். நான் ஆசைப்பட்டு நெனைக்கேனா, நெசமாவே அப்படியான்னு எனக்குத் தெரியல.”

கமிட்டி அவர் குடிக்கிறார் என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாட்டுக் குழுவிலிருந்து நீக்குவார்கள். ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தை அவருக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்த ஊரில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து மறுக்கப்பட்டால், திங்கட்கிழமை காய்கறிக் கடையில் அவர் மனைவியிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்றார் ஐயர். மதம் வேறானாலும் அது எனக்கு விளங்கியது. ஒரு மனிதருக்கு ஊரில் உள்ள பெயர் எவ்வளவு மெல்லியது என்பதைச் சைவர் வீட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறை யாருடையது என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். அது என் சித்தப்பா மகளின் கணவருடையது.

நான் அப்போதே மறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உறவினரின் பட்டறையை அளப்பவன், எண் எப்படி வந்தாலும் பேச்சுக்கு ஆளாவான். குறைவாக வந்தால் மைத்துனருக்காகக் குறைத்தான் என்பார்கள்; கூடுதலாக வந்தால் குடும்பத்துக்குள் ஏதோ மனத்தாங்கல் என்பார்கள். ஆனால் அந்த ஜில்லாவில் இவ்வகைக் கருவி வேறு எவரிடமும் இருந்ததாக நான் அறியேன். இரு தரப்பும் எண்ணை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதானால் அளக்கிறேன் என்றேன். ஐயர் ஒப்புக்கொண்டார்.

மைத்துனரும் ஒப்புக்கொண்டார். அவர் நெற்றி நிறைய நீறு பூசுபவர், வெற்றிலைகூடப் போடாதவர், இந்தத் தொழிலைத் தம் கையாலேயே தொடங்கி வளர்த்தவர். பட்டறை ஆட்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள்.

“தாராளமா அளந்து பாருங்க அத்தான்,” என்றார். “பட்டறையில இத்தன பேரு நிக்கானுவ. ஒருத்தனும் விழல. இவன் ஒருத்தன் மட்டும் விழுதான்னா என்ன அர்த்தம்? காத்துல ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா அந்த ஐயருக்கும் ஒரு முடிவு கெடச்சிரும், எனக்கும் பீடை விட்டுரும்.”

அவருடைய தர்க்கம் பிழையானது என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை பேரில் ஒருவர்தான் தள்ளாடுகிறார். அந்த ஒருவரை மட்டும் அளந்தால் போதும். கரியில் ஏறும் எண் பட்டறையைக் குற்றம் சாட்டும், அல்லது அவரைக் குடிகாரராக்கும். நடுவில் வேறு இடம் இல்லை.

குறித்த நாளில் காலையிலேயே பட்டறைக்குச் சென்றேன். தேய்ந்துபோன லாரி டயர்களின் மேற்புறத்தைச் சுரண்டி, அதன்மேல் புது ரப்பரைப் பசையிட்டு ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்துத் தரும் இடம் அது. ரப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்த அந்தப் பசையை அவர்கள் சொல்யூஷன் என்பார்கள். நீராவியின் வெக்கையில் சட்டையோடு நிற்க எவராலும் முடியாது. எல்லாரும் சாரம் எனப்படும் லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டோடு நின்றார்கள். ஐயர் சொன்ன பாட்டுக்காரருடைய வேலை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. உட்புறம் கிழிந்த டயர்களுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது அவர் ஒருவர்தான். டயரை நிறுத்திவைத்து, அதன் வயிற்றுக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, தூரிகையால் தடவிக்கொண்டிருப்பார்.

அவர் உயரமானவர், ஒடிசலானவர். என்னைக் கண்டதும் கைகூப்பினார். உறிஞ்சியை இடுப்பு வாரில் மாட்டியபோது, சட்டை இல்லாததால் குழலை எங்கே குத்துவது என்ற கேள்வி எழுந்தது.

“சட்டையப் போட்டுக்கிடட்டுமா சார்?” என்றார்.

“வேண்டாம். தினமும் எப்படி வேலை செய்வீரோ அப்படியே செய்யும். ஒன்றையும் மாற்றக் கூடாது,” என்றேன். அளவையின் முதல் விதி அது. குழலைத் தோள்துண்டின் ஓரத்தில், கழுத்தெலும்புக்கு நேராகக் குத்தினேன். இரண்டாவது உறிஞ்சியைப் பட்டறையின் நடுவில் ஒரு முக்காலியின்மேல் வைத்தேன்.

பக்கத்தில் டயர் சுரண்டிக்கொண்டிருந்தவர், “என்னவே, டெலிபோன் மாட்டிட்டாவளா?” என்றார்.

“மீட்டருவே,” என்றார் இன்னொருவர். “இழுக்குத மூச்சுக்குக் கணக்கு. மாசம் பொறந்தா கரண்டு பில்லு மாதிரி வீட்டுக்கு வந்துரும். பாத்து இழும்.”

“அப்போ உம்ம கொறட்டைக்கு வீட்ட விக்கணும்,” என்றார் பாட்டுக்காரர். நான் நிற்பது நினைவுக்கு வந்து மூவரும் சட்டென்று அடங்கினார்கள்.

வழக்கமாக மைத்துனர் பகலில் ஜங்ஷனில் உள்ள தம் கடையில்தான் இருப்பார். அன்று நான் வந்திருப்பதால், மரியாதை கருதி, பட்டறை வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போடச் சொல்லி என்னோடு அமர்ந்துவிட்டார். காபியும் இளநீரும் வந்துகொண்டிருந்தன. அவ்வப்போது நான் எழுந்து சென்று உறிஞ்சி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பேன். நான் நெருங்கும்போதெல்லாம் அவர் டயருக்குள்ளிருந்து தலையை எடுத்து நிமிர்ந்து, கண்ணாடிக் குழலைக் கையில் பிடித்து மார்புக்கு நேராக உயர்த்திக் காட்டுவார். எனக்குக் காட்டுவதற்காகத் துண்டிலிருந்து கழற்றியிருக்கிறார், நான் திரும்பியதும் மறுபடி குத்திக்கொள்வார் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் குழல்களை மூடி முத்திரையிட்டு, நானே பேருந்தில் கொண்டுபோய் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்தேன்.

முடிவு வந்தது. அறையின் காற்றும் குறைவு; ஆளின் காற்றும் குறைவு. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அனுமதிக்கப்பட்ட வரம்புக்கு வெகு கீழே நின்றன.

மைத்துனருக்குச் செய்தி சொன்னபோது, “நாந்தான் சொன்னேம்லா,” என்றார். அதில் ஆணவம் இல்லை. பாரம் இறங்கியவரின் நிம்மதிதான் இருந்தது. ஐயர் தொலைபேசியில் எண்ணை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, “கமிட்டி அடுத்த மாசம் கூடுது சார். உங்க எழுத்த அங்கன வச்சிருவேன்,” என்றார்.

எழுத்தில் கொடுப்பதற்கு முன் அந்த மனிதரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் கையெழுத்து ஒருவருடைய பெயரை எடுக்குமானால், அதை அவர் வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. ஞாயிறு பிற்பகலில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வாய்க்காலைத் தாண்டி, வயலோரம் ஓட்டுக் கூரை போட்ட சிறிய வீடு. அவர் வாசலுக்கு வந்தார். அவர் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

நான் அமரவில்லை. முடிவை நின்றபடியே சொன்னேன்.

“அப்போ நான் குடிச்சிருக்கேன்னு ஆயிருச்சா சார்?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பவரைப்போல் கேட்டார்.

ஆய்வுக்கூடத்துத் தாளை அவரிடம் நீட்டியபோது என் பார்வை அவர் இடுப்பில் நின்றது. அவர் வீட்டுக்குள்ளிருந்து வரும்போது தோளில் கிடந்த துண்டு, என்னைக் கண்டதும் இறங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நான் நிற்கும்வரை அது மேலே ஏறப்போவதில்லை.

“அன்றைக்குப் பட்டறையில் இந்தத் துண்டு எங்கே இருந்தது?”

“இப்படித்தான் சார். இடுப்புல.”

“தோளில்தானே நான் குழலைக் குத்தினேன்?”

“குத்துனீக. பெறவு நீங்களும் அண்ணாச்சியும் வாசல்ல வந்து உக்காந்துட்டீகல்லா. உங்க முன்னால தோள்ள துண்டப் போட்டுக்கிட்டு எப்படி சார் நிக்கது? இடுப்புல கெட்டிக்கிட்டேன்.”

“முழு நாளுமா?”

“நீங்க முழு நாளும் இருந்தீகல்லா.”

“குழல்?”

“அது துண்டோடதான சார் இருந்துச்சு. நீங்க பாக்க வரும்போது மட்டும் எடுத்துக் காட்டுனேன்.”

அவர் மனைவி நிலைப்படியிலிருந்து, “மரியாத குடுத்தே மானம் போச்சு,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வயலைப் பார்த்துச் சொன்னார்.

“நீ சும்மா இரி,” என்றார் அவர்.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. “இவுக பதவிசா நின்னது போதும்னு சொல்லுங்க சார். ஊருல எல்லாவளும் என்னயத்தான கேக்கா,” என்றார்.

நான் வாய்க்கால் கரை வழியாகத் திரும்பி நடந்தபோது அந்தப் பட்டறையை மனத்துக்குள் மறுபடி கட்டிப்பார்த்தேன். அவர் தலை டயரின் வயிற்றுக்குள் இருக்கிறது. சொல்யூஷனின் ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேதான் சுழல்கிறது. இடுப்பு டயருக்கு வெளியே, வாசல் காற்று படும் இடத்தில் இருக்கிறது. குழல் இடுப்பில் இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த எண் பொய்யன்று. அவருடைய இடுப்பின் அருகே இருந்த காற்றை அது சரியாகவே சொன்னது. இடுப்பால் மூச்சு விடுபவர் உலகத்தில் இல்லை என்பதுதான் குறை.

குழலை எங்கே குத்த வேண்டும், எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும், குளிரிலும் ஈரத்திலும் என்ன திருத்தம் செய்ய வேண்டும் என்று நான் படித்த நூல்களில் எல்லாம் இருந்தன. அளப்பவரைக் கண்டால் ஆள் துண்டை இறக்குவார் என்று ஒன்றிலும் இல்லை. அவற்றை எழுதியவர்கள் சட்டை போட்ட தொழிலாளிகளையே கண்டவர்கள். மேலும் அந்த மரியாதை எனக்கு இளமை முதலே கிடைத்துவந்த ஒன்று. தெருவில் நடந்தால் துண்டுகள் இறங்கும். மிதிவண்டிகளில் வருபவர்கள் இறங்கி உருட்டிச் செல்வார்கள். எப்போதும் சூழ்ந்திருப்பதை ஒருவன் தனியே கவனிப்பதில்லை. அதுவும் ஒரு வகைக் காற்றுதான் என்று அன்று நடக்கையில் தோன்றியது.

மறுநாள் மைத்துனரின் கடைக்குப் போனேன். மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும் என்றேன்.

“அளந்தாச்சுல்லா அத்தான். எண்ணு வந்தாச்சு. ரெண்டு பேரும் ஒத்துக்கிடணும்னு நீங்கதான சொன்னீக?”

“ஆளின் காற்றை அளப்பதாகச் சொன்னேன் மாப்பிள்ளை. அளந்தது அதை இல்லை.”

துண்டு விவரத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நல்ல கூத்து. மரியாதையா நின்னா அதுவும் தப்பாக்கும். பேசாம அந்தச் சபையில நீங்களும் ஒரு சீட்டுப் போட்டு உக்காந்துக்கிட வேண்டியதுதான. வக்காலத்து நல்லா வருது உங்களுக்கு.”

“நான் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. தவறான இடத்தில் எடுத்த அளவுக்குக் கீழே என் கையெழுத்து விழாது. அளக்கவிடவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.”

அப்படி எழுதினால் அது எப்படிப் படிக்கப்படும் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல. “சரி, சவத்த விடுங்க. அளந்து தொலைங்க,” என்றார்.

இம்முறை அரை விரல் அகலமுள்ள பருத்தி நாடாவை என் வீட்டிலேயே தைக்கச் சொல்லி எடுத்துச் சென்றேன். அவர் கழுத்தைச் சுற்றி அதைக் கட்டி, குழலை அதில் குத்தினேன். துண்டு எங்கே போனாலும் குழல் மோவாய்க்குக் கீழேதான் இருக்கும். டயர் சுரண்டுபவர் எட்டிப் பார்த்தார். “மாட்டுக்குக் கெட்டுத மாதிரி கெட்டிட்டாவளே வே. இனி எந்த வயல்ல மேஞ்சாலும் மணிச் சத்தம் கேட்டுரும்,” என்றார். பாட்டுக்காரர் சிரிக்கவில்லை. நாடாவின் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உறிஞ்சி ஓடத் தொடங்கியதும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு பட்டறையைவிட்டு வெளியேறினேன். அதுவும் என் நிபந்தனை. அன்று பகல் முழுவதும் அவர் என் வீட்டில் இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகும் அவரால் சாய்ந்து உட்கார முடியவில்லை.

“நாம அப்பப்போ எட்டிப் பாக்கலன்னா அவனுவ வேலையே பாக்க மாட்டானுவ,” என்றார்.

“நாம் இருந்தால் வேறு மாதிரி பார்ப்பார்கள்.”

“அப்போ இத்தன நாளும் நான் பாத்த பட்டறை வேற, அவனுவ நிக்குத பட்டறை வேறயா?”

“எனக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை. நான் நுழைந்ததும் அமைதியாகிற வகுப்பைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் நுழையாதபோது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.”

அவர் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

இரண்டாம் முடிவு வந்தது. பட்டறை நடுவே வைத்த குழலின் எண் முன்போலவே குறைவு. கழுத்தில் கட்டிய குழலின் எண் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. பிழை நேர்ந்திருக்குமோ என்று ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் பார்க்கச் சொன்னேன். மாறவில்லை.

தாளை மைத்துனரிடம் நீட்டியபோது அவர் முகம் சிவந்தது. “அதே பட்டறை. அதே சொல்யூஷன். ஒரு தடவ ஒண்ணுமில்ல, மறு தடவ மலையாட்டம் ஏறுதா? மிஷின் கோளாறு அத்தான்,” என்றார். “நானும் இந்த வேலையைப் பாத்தவன்தான். ஒண்ணும் ஆவாது. வாங்க என்கூட.”

அவர் பார்த்தது டயரின் வெளிப்புறத்தில் ரப்பர் ஒட்டும் வேலை. உட்புற ஒட்டு வேலை பிற்பாடு வந்தது. அதை எடுத்துச் சொல்லித் தடுத்தேன்; ஆவியின் தன்மையையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்தி நிற்க, சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பாட்டுக்காரரின் கையிலிருந்து தூரிகையை வாங்கினார்.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றார் பாட்டுக்காரர்.

“தள்ளுலே.”

டயருக்குள் தலையை நுழைத்தார். தூரிகை ரப்பரில் உரசும் ஓசை கேட்டது. ஒரு டயரை முடித்தார்; பிடிவாதமாக அடுத்த டயருக்குப் போனார். அதன் நடுவிலேயே ஓசை மெதுவாகி நின்றது. வெளியே வந்தபோது கண்கள் சிவந்து, பார்வை எங்கோ நிலைத்திருந்தது. வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியவர் பக்கவாட்டில் சென்று டயர் அடுக்கில் மோதினார். பாட்டுக்காரர் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தாங்கினார்.

“பைய, அண்ணாச்சி, பைய. காத்து வாரப் பக்கம் உக்காருங்க. தலையத் தொங்கப் போடாதீங்க. ஏலே, தண்ணி கொண்டா.”

புங்கமர நிழலில் அவரை உட்காரவைத்தார்கள். வாந்தி எடுத்தார். பாட்டுக்காரர் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தபோது நெற்றியின் நீறு முழுவதும் துணியோடு வந்துவிட்டது. சாலையில் மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த இருவர் காலூன்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார்; இருவரும் நமுட்டுச் சிரிப்போடு மிதித்துக்கொண்டு போனார்கள். என் மைத்துனர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சற்றுத் தெளிந்ததும் தாழ்ந்த குரலில், “ஏலே, நான் எப்படி இருக்கேன்?” என்றார்.

பாட்டுக்காரர் தயங்கினார்.

“சும்மா சொல்லுலே.”

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. போட்டுட்டு வந்த மாதிரி இருக்கீக.”

மைத்துனர் தலையை ஆட்டினார். “தெனமும் வீட்டுக்கு இப்படித்தான் போறியா?”

“தெனமும் இவ்வளவு இல்ல. உள்வேல கூடுதலா இருக்குத அன்னைக்குத்தான்.”

கமிட்டி கூடிய நாளில் எங்கள் இருவரையும் ஐயர் அழைத்திருந்தார். கோயில் என்று அவர்கள் சொல்லும் தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறிய அறை. நீண்ட மேசையைச் சுற்றிச் சபைப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காரர் சுவரோரம் நின்றார். நான் என் அறிக்கையை வாசித்து, முதல் அளவு எதனால் செல்லாது என்பதையும் விளக்கினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் சரிதான் சார். இவர் குடிக்கலன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

“மாட்டேன்,” என்றேன். “அது என் குழலில் ஏறாது. ஒரு துளிகூடத் தொடாத மனிதரும் அந்தக் காற்றில் நாள் முழுவதும் நின்றால் தள்ளாடுவார்; மூச்சில் வாடை வரும். இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.”

பாட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இன்னும் சற்றுக் கூட்டிச் சொல்லியிருந்தால் அவருக்கு உதவியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்போது என் மைத்துனர் எழுந்தார். வேற்றுச் சமயத்தாரின் கோயில் வளாகத்துக்குள் அவர் அதற்குமுன் காலெடுத்து வைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

“அவன் குடிக்கான்னு மொதல்ல சொன்னவன் நான்தான்,” என்றார். “என் வாயிலேருந்துதான் அது ஊருக்குப் போச்சு. அவன் குடிக்கல. என் பட்டறைக் காத்துதான் அது. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும்.”

உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அவர்கள் தமக்குள் பேசி முடிக்க நெடுநேரம் ஆகவில்லை. புகாரைத் தள்ளிவிட்டார்கள். ஐயருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஞாயித்துக்கெழம ஆராதனையில நானே அறிவிச்சிருதேன்,” என்றார். “உம்ம மேல ஒரு குத்தமும் இல்லன்னு சபை முழுக்கக் கேக்கட்டும்.”

பாட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்.

“வேண்டாம் ஐயரே. அறிவிக்காதீங்க.”

“ஏன்வே?”

“குடிக்கேன்னு யாரும் மைக்குல அறிவிக்கல. பாதிப் பேருக்குத்தான் தெரியும். குடிக்கலன்னு நீங்க அறிவிச்சீங்கன்னா மீதிப் பேருக்கும் தெரிஞ்சுபோகும். பெறவு எம் பிள்ளையளுக்குக் கல்யாணம் பேசையில, அந்தக் குடிக்கலன்னு அறிவிச்சாவளே, அவரு வீடான்னுதான் கேப்பாவ.”

யாரும் சிரிக்கவில்லை. ஐயர் தலைமையாசிரியரைப் பார்த்தார். பெயரைப் பற்றி அந்த மேசையில் இருந்த எவரையும்விட, என்னையும் சேர்த்து, அவர் ஆழமாக யோசித்திருந்தார் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லாரும் வாழ்நாள் முழுவதும் யோசித்ததும் அதுதான். நாங்கள் சேர்த்ததைக் காப்பது பற்றி யோசித்தோம். அவர் கிழிந்ததை எந்தப் பக்கமிருந்து தைத்தால் வெளியே தெரியாது என்று யோசித்தார்.

“அப்போ என்ன செய்யணுங்கீரு?” என்றார் ஐயர்.

“திருவிருந்துக்கு எல்லாரையும் கூப்பிடுவீகல்லா. நானும் வாரேன். குடுங்க. அது போதும்.”

அப்படியே நடந்ததாக ஐயர் பிற்பாடு சொன்னார். மற்றவர்களோடு வரிசையில் வந்து மண்டியிட்டாராம், வாங்கிக்கொண்டாராம், பாட்டுக் குழுவில் தம் இடத்தில் போய் நின்றுகொண்டாராம். பட்டறையில் மைத்துனர் ஓர் ஊதுவிசிறியை வாங்கி, டயரின் வயிற்றுக்குள் காற்று பாயும்படி வைத்தார். உள்வேலையை ஒருவர் தலையிலேயே போடாமல் ஆள் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் மூன்றாம் முறையும் அளந்தேன். எண் இறங்கியிருந்தது, முழுவதும் திருப்தி தரும் அளவுக்கு இல்லை. அதையும் எழுதிக் கொடுத்தேன்.

இந்த நினைவைப் பல கூட்டங்களில் பேசும்படி விவரம் அறிந்த துறை நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அளவை முறைக்கு நல்ல பாடம் என்பார்கள். நான் பேசியதில்லை. இப்போது எழுதும்போதும் ஊர், பட்டறை, கோயில், ஆள் எவற்றுக்கும் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த மனிதருடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ குடும்பமாக இருக்கிறார்கள். அவர் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது ஐயரிடம்தான். நானும் அந்த அறையில் இருந்தேன்.